திகதி இல்லாத கடிதங்கள்: கண்டியின் சபைகளில் பெண்கள்

கெலிஓயா, பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் பாதையில் உள்ள கடைவீதி ஊர். முஸ்லிம்களும் சிங்களவர்களும் அடுத்தடுத்துக் கடை வைத்திருக்கிறார்கள். மகாவலி அருகில் ஓடுகிறது, பேராதனைப் பல்கலைக்கழகம் பஸ்ஸில் சிறிது நேரப் பயணம். உள்ளூராட்சிக் கணக்கில் ஊர் உடுநுவர பிரதேச சபையைச் சேர்ந்தது. குப்பை எடுப்பது, தெருவிளக்குப் போடுவது, உள்வீதிகளுக்குக் கொங்கிறீட் இடுவது, கட்டட அனுமதி, சந்தை, வாசிகசாலை, மையவாடி எல்லாம் அந்தச் சபையின் பொறுப்பு. இவற்றில் எது பிசகினாலும் முதலில் அவதிப்படுவது வீட்டிலுள்ள பெண். ஆனால் இலங்கையின் உள்ளூராட்சி சபைகளில் 2018 வரை பெண்களின் பங்கு இரண்டு வீதமளவில்தான் இருந்தது. பெண் உறுப்பினர் ஒருவரேனும் இல்லாத சபைகள் நாடெங்கும் இருந்தன.

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடந்த தேர்தலில் அது மாறியது. 2016 இலும் 2017 இலும் திருத்தப்பட்ட உள்ளூராட்சித் தேர்தல் சட்டம், சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வகுத்தது. நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்குக் கிட்டிய எண்ணிக்கையில் பெண்கள் உறுப்பினர்களானார்கள். இரண்டு வீதத்திலிருந்து இருபதுக்கும் மேலே, ஒரே தேர்தலில். இவ்வளவு பெரிய பாய்ச்சல் எங்கள் அரசியல் வரலாற்றில் வேறு எந்தத் துறையிலும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாய்ச்சலுக்குப் பிறகு, உள்ளே போன பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் விடயம். அரசியல் வன்முறை என்றதும் துப்பாக்கியும் பொல்லும் எரிந்த வாகனமும் நம் கண்ணுக்கு வருகின்றன. பெண்களுக்கு எதிராக அவையும் பிரயோகிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இன்றைக்குப் பிரதேச சபைப் பெண்ணைக் கதிரையிலிருந்து இறக்குவதற்கு அவை தேவைப்படுவதில்லை. ஒரு கடிதம் போதும், ஒரு வதந்தி போதும், கணவனுக்கு வரும் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இவை வன்முறையாக எண்ணப்படுவதும் இல்லை, எங்கும் பதியப்படுவதும் இல்லை.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் போவோம். பெண்களின் வாக்குரிமைக் கதையில் கண்டிக்கு ஒரு தனி இடம் உண்டு. 1927 இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர் ஆக்னஸ் டி சில்வா கண்டிக்காரர். கண்டியின் சட்டத்தரணியும் அரசியல்வாதியுமான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. பிற்காலத்தில் உலகறிந்த கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வாவின் தாய். டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அவர் தயங்காமல் பதில் சொன்னார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய தலைவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்ற காலம் அது. பெண்களுக்கு முப்பது வயதில் வாக்கு என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. கடைசியில் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதில் கிடைத்தது. 1931 இல் இலங்கைப் பெண் வாக்களித்தாள்.

ஆக்னஸ் குறிப்பிட்டுக் கேட்ட தோட்டத்துப் பெண்ணின் கையில் அந்த வாக்கு இருபது வருடம்கூட நிற்கவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவளை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. அவளுக்கு அரசியல் தெரியாமல் இருக்கவில்லை. ஹட்டன் பக்கம் கோ. நடேசய்யரும் அவரது மனைவி மீனாட்சியம்மையும் தொழிற்சங்கம் கட்டிய நாட்களில், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் அரசியல் பாட்டுகளை எழுதிப் பாடியவர் மீனாட்சியம்மை. அந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்களின் பேத்திகளும் பூட்டிகளும் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் ஆக வேண்டியிருந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானபோது, 1931 க்குப் பின் தொண்ணூற்று மூன்று வருடங்கள் கழிந்திருந்தன.

இடைப்பட்ட காலத்தில் உள்ளே போன பெண்கள் எந்த வழியால் போனார்கள்? அரசாங்க சபையின் முதற்பெண் உறுப்பினர் அட்லின் மொலமுரே 1931 நவம்பரில் ருவன்வெல்ல இடைத்தேர்தலில் வந்தார். அது அவரது தந்தை மீதெனிய அதிகாரத்தின் மறைவால் வெற்றிடமான தொகுதி. இரண்டாமவரான நேசம் சரவணமுத்து 1932 இல் கொழும்பு வடக்கில் வென்றார். கணவர் தேர்தல் மனுவில் பதவி இழந்ததால் வந்த இடைத்தேர்தல் அது. 1949 இல் கண்டித் தொகுதியிலும் அதே கதை. டி. பி. இலங்கரத்ன தேர்தல் மனுவில் ஆசனத்தை இழக்க, மனைவி தமரா குமாரி நின்று வென்றார். இவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நேசம் சரவணமுத்து பெண்கள் கல்விக்காகவும் ஏழைப் பிள்ளைகளுக்காகவும் சபையில் பாடுபட்டவர். ஆனால் கதவு திறந்தது ஓர் ஆண் அங்கே இல்லாமற் போனதால்.

ஆண் இல்லாமற் போனதற்குக் காரணம் பிற்காலத்தில் பெரும்பாலும் கொலையாக இருந்தது. 1959 செப்டெம்பரில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டார். 1960 ஜூலையில் அவரது மனைவி, மலைநாட்டுப் பிரபுக் குடும்பமான ரத்வத்தையில் பிறந்த சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1988 பெப்ரவரியில் விஜய குமாரதுங்க கொல்லப்பட்டார். அவரது மனைவி சந்திரிகா 1994 இல் ஜனாதிபதி. அதே 1994 ஒக்டோபரில் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த காமினி திசாநாயக்க குண்டுக்குப் பலியாக, விதவைக் கோலத்திலேயே ஸ்ரீமா திசாநாயக்க அந்த இடத்துக்கு நிறுத்தப்பட்டார். 1989 இல் யாழ்ப்பாணத்து முன்னாள் உறுப்பினர் வெ. யோகேஸ்வரன் அமிர்தலிங்கத்துடன் கொல்லப்பட்டார். மனைவி சரோஜினி 1998 இல் யாழ். மாநகர மேயரானார். எம். எச். எம். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16 இல் அரநாயக்க மலைப்பகுதியில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்தார். சில வாரங்களில் மனைவி பேரியல் அஷ்ரப் பாராளுமன்றத்தில் இருந்தார்.

இந்த வரிசையை ஊன்றிப் பார்த்தால் கசப்பான ஒன்று புலப்படும். இலங்கையில் பெண்ணை உயர்பதவிக்குக் கொண்டு சேர்த்த வழிகளில் மிகப் பலமானது வன்முறைதான். கொலையுண்டவனின் பெயர் அவளுக்கு வாக்கையும் தந்தது, ஒரு கவசத்தையும் தந்தது. அந்தப் பெயருக்குரிய மரியாதையில் பாதியாவது அவளுக்கும் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கவசம் பலரைக் காக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன், பதவியேற்றுச் சில மாதங்களில், 1998 மே 17 அன்று தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்பது பரவலான கருத்து. சந்திரிகா 1999 டிசம்பரில் கொழும்புத் தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டில் வலது கண்ணின் பார்வையை இழந்தார்.

கொள்கையால் வந்த பெண்களை அரசே நேரடியாகத் தாக்கிய சந்தர்ப்பமும் உண்டு. 1983 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். லங்கா சமசமாஜக் கட்சியின் மூத்த தலைவி விவியன் குணவர்தன ஊர்வலம் போனபோது கொள்ளுப்பிட்டிப் பொலிஸாரால் கைது செய்யப்பட்டார். பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் முறையிட்டார். கைது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து 2,500 ரூபா இழப்பீடு வழங்கியது. தீர்ப்பு வந்த கையோடு சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தீர்ப்பளித்த நீதிபதிகளின் வீடுகளுக்கு முன்னால் பஸ்களில் வந்திறங்கியவர்கள் கூச்சலிட்டார்கள். முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருக்கே இதுவென்றால் மற்றப் பெண்களுக்கு என்ன என்ற செய்தி நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.

1999 ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் இன்னும் கீழே இறங்கினார்கள். எதிர்க்கட்சிக்காக வேலை செய்த பெண்கள் பகிரங்கமாக ஆடை களையப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார்கள். ஆண் தொண்டனுக்கு அடி விழுந்தது, பெண் தொண்டருக்கோ மானத்தில் கை வைக்கப்பட்டது. இனி எந்தப் பெண்ணும் போஸ்டர் ஒட்டக்கூட வெளியே வரக்கூடாது என்பதே நோக்கம். கண்டி மாவட்டமும் தேர்தல் இரத்தத்துக்குப் புதிதல்ல. 2001 டிசம்பர் 5, வாக்களிப்பு நாளன்று, மடவளைக்கு அருகே உடதலவின்னையில் பத்து முஸ்லிம் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கண்டி முஸ்லிம் ஊர்களில் ஒரு தாய் தன் மகளை அரசியலுக்கு அனுப்பத் தயங்குகிறாள் என்றால், அந்தத் தயக்கத்தில் உடதலவின்னையும் இருக்கிறது. அதைப் பிற்போக்கு என்று ஒதுக்குபவர்கள் இந்த ஊர்களின் நினைவை அறியாதவர்கள்.

2013 இல் வட மாகாண சபைத் தேர்தலில் வேட்பாளராக நின்ற அனந்தி சசிதரனுக்கு நடந்தது, பழைய வன்முறையும் புதிய வன்முறையும் சந்தித்த இடம். வாக்களிப்புக்குச் சற்று முந்திய இரவொன்றில் சுழிபுரத்திலுள்ள அவரது வீட்டை இராணுவச் சீருடை போன்ற உடையணிந்த கும்பல் சூழ்ந்து தாக்கியது. அவர் தப்பினார். தேர்தலன்று காலை, அவர் அரசாங்கப் பக்கம் தாவிவிட்டார் என்ற செய்தியோடு உதயன் பத்திரிகையின் போலிப் பிரதி ஒன்று ஊரெங்கும் விநியோகிக்கப்பட்டது. பொல்லால் முடியாததைப் பொய்யால் முடிக்கப் பார்த்தார்கள். அவர் 87,870 விருப்பு வாக்குகள் பெற்று, முதலமைச்சர் வேட்பாளருக்கு அடுத்த இடத்தில் வென்றார். ஆனால் அனந்தி ஒரு மாகாணமே அறிந்த முகம். ஊர் வட்டாரத்தில் நிற்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு போலிச் செய்தி வந்தால் அவளுக்காகப் பத்திரிகை மறுப்பு வெளியிடப் போவதில்லை.

இந்தப் பின்னணியோடு 2018 க்குத் திரும்புவோம். புதிய சட்டத்தின் நுணுக்கத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெண்ணின் பலவீனம் அந்த நுணுக்கத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. சபை உறுப்பினர்களில் அறுபது வீதம் வட்டாரங்களிலிருந்து நேரடியாக வருகிறார்கள், நாற்பது வீதம் கட்சி பெற்ற மொத்த வாக்குகளின் கணக்கில் பட்டியலிலிருந்து வருகிறார்கள். வட்டார வேட்பாளர்களில் பத்து வீதமும் மேலதிகப் பட்டியலில் ஐம்பது வீதமும் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, வெல்லக்கூடிய வட்டாரங்களைக் கட்சிகள் ஆண்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்களைப் பட்டியலில் போட்டன. வந்த பெண்களில் மிகப் பெரும்பாலானோர் பட்டியல் உறுப்பினர்கள். பட்டியலில் முதலாவது இரண்டாவது என்ற ஒழுங்கும் கிடையாது. தேர்தல் முடிந்த பிறகு, யாரை உறுப்பினராக்குவது என்பதைக் கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். இருபது வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான ஆசனமும் பெற்ற கட்சிக்குப் பெண்ணை அனுப்ப வேண்டிய கட்டாயமே இல்லை. சிறுபான்மைக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் கண்டி போன்ற மாவட்டத்தில் ஓரிரு ஆசனங்களோடு நிற்பவை. தமிழ் பேசும் பெண் தன் சமூகக் கட்சி மூலம் உள்ளே போகும் வாய்ப்பை இந்த விதிவிலக்கு நேரடியாகக் குறைத்தது. நாலில் ஒரு பங்கு என்ற இலக்குப் பல சபைகளில் எட்டப்படாமற் போனதற்கு இதுவே பெரிய காரணம்.

பட்டியலால் வந்தவளை ஊர் எப்படிப் பார்க்கிறது? "போனஸ்ல வந்தவங்க" என்கிறார்கள். வட்டாரத்தை வென்ற ஆண் உறுப்பினர், இது என் வட்டாரம், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க முடிகிறது. கொங்கிறீட் வீதிக்கு ஒதுக்கீடு வரும்போது வட்டார உறுப்பினரின் பெயரில் வருகிறது. அவள் கொண்டு போகும் பிரேரணைக்கு அவளது சொந்தக் கட்சிக்காரரே வழிமொழியாமல் விடுவது உண்டு. சபைக் கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் சிரிப்பு. இதையெல்லாம் அரசியல் சலசலப்பு என்று விட்டுவிடலாமா? பாராளுமன்றத்திலேயே இது நடக்கிறது. 2012 இல் ரோஸி சேனாநாயக்க கேள்வி கேட்க எழுந்தபோது, பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் அவரது அழகைப் பற்றிப் பேசினார். 2021 இல் மாத்தளை உறுப்பினர் ரோஹிணி குமாரி விஜேரத்னவைக் குறிவைத்துச் சபையில் சொல்லப்பட்ட இழிசொல்லுக்கு எதிராக எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். பாராளுமன்றத்தில் கமெரா இருக்கிறது, ஹன்சாட் இருக்கிறது. பிரதேச சபையில் கூட்டக் குறிப்பு மட்டும் இருக்கிறது, அதில் சிரிப்புப் பதியப்படுவதில்லை. வடக்குக் கிழக்குக்கு வெளியே நிர்வாக மொழி சிங்களம் என்பதால், தமிழில் மட்டும் படித்த பெண்ணுக்கு அந்தக் குறிப்பில் தன் பேச்சு எப்படி எழுதப்பட்டது என்று சரிபார்ப்பதும் கடினம்.

கண்டியின் புதிய உறுப்பினர்களுக்கு முதல் மாதமே கடினமாகத்தான் விடிந்தது. பெப்ரவரி 10 இல் தேர்தல். சபைகள் தொடங்க முன்பே, மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முகம் மூடும் உடைக்குத் தடை வந்து, அபாயா அணிந்த பெண்கள் அரச அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். அப்படியான நாட்களில் முஸ்லிம் பெண் ஒருத்தி சபைக் கூட்டத்துக்கு பஸ் ஏறிப் போவதே ஒரு துணிச்சல். இனவெறிக்கும் பெண் என்பதற்குமாக அவள் இரண்டு தரம் அஞ்ச வேண்டியிருந்தது. இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்து அறிக்கை எழுதுபவர்கள் இந்த ஒரே உடம்பில் இரண்டும் படுவதைக் கவனிப்பதில்லை.

வெளியிலிருந்து வருவது ஒரு பக்கம் இருக்க, சொந்த வீட்டுக்குள்ளிருந்து வருவது எண்ணிக்கையில் அதிகம். கெலிஓயா போன்ற ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெண் வேட்பாளரின் போஸ்டரைக் கிழிக்க வேண்டிய அவசியம் இல்லை, அவளைப் பற்றி வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு விட்டால் போதும். இரவில் கூட்டத்துக்குப் போனாள், யாரோடு போனாள், யார் வாகனத்தில் வந்தாள் என்று கேள்வி எழுப்பினால், பதில் எதுவாக இருந்தாலும் கேள்வியே தண்டனை. அந்தக் குரல் பதிவு அவளிடம் வருவதற்கு முன் அவளது மாமியாரிடமும் மகளின் பாடசாலைத் தோழிகளிடமும் போய்விடும். கணவனின் கடைக்கு வருகிறவர்கள் அவனிடம் விசாரிப்பார்கள். தம்பிக்குப் பேசி வைத்த கலியாணம் தள்ளிப் போகும் என்று சொல்வார்கள். வாபஸ் வாங்கு என்று மிரட்டியவன் எவனும் இல்லை, ஆனாலும் அவள் வாபஸ் வாங்குவாள். எந்தப் பொலிஸ் நிலையத்தில், யார் மீது முறைப்பாடு கொடுப்பது?

முஸ்லிம் பெண்ணின் பொதுப்பதவி பற்றிப் பேசும்போது காதி நீதிமன்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1951 இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், நற்குணமுடைய முஸ்லிம் ஆணையே காதியாக நியமிக்கலாம் என்று விதித்திருக்கிறது. நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும், அரச பணத்தில் இயங்கும் ஒரு பதவிக்கு, எழுத்திலேயே பெண் தகுதியற்றவள். உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசராகப் பெண் போகலாம், நாட்டுக்கு ஜனாதிபதியாகலாம். தன் சமூகத்துப் பெண்ணின் தாபரிப்பு வழக்கை விசாரிக்க முடியாது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைந்த குழு ஒன்பது வருடங்கள் எடுத்து 2018 இல் அறிக்கை தந்தபோது, பெண் காதி என்ற விடயத்திலும் குழு இரண்டாகப் பிளந்து நின்றது. சட்டம் இன்னும் அப்படியே. சீர்திருத்தம் கேட்ட பெண்கள் மார்க்கத்துக்கு விரோதிகள், வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் என்று முகநூலில் வசைபாடப்பட்டார்கள். ஒரு பதவிக்குப் பெண் வரலாமா என்று கேட்டதற்கே இவ்வளவு என்றால், வந்து உட்கார்ந்தவளுக்கு எவ்வளவு இருக்கும்.

ஆயிஷா ரவூப் என்ற பெயரை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்கிறார்களா? கேரளத்தில் பிறந்து, கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்து, 1949 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பின்னர் பிரதி மேயராகவும் ஆனவர். முஸ்லிம் பெண் அரசியலுக்கு வருவது நேற்று வந்த நாகரிகம் என்பவர்களுக்கு எழுபத்தைந்து வருடத்துப் பதில் அவர்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். 1982 இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன தன் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஆறில் ஐந்து பெரும்பான்மை வைத்திருந்த கட்சியின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தலைவரின் மேசை லாச்சிக்குள் இருந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று நினைக்கலாம். ஆனால் பட்டியல் ஆசனத்தை இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு காலம் வைத்துக்கொள்ளும் சுழற்சி உடன்பாடு, தேசியப் பட்டியலிலிருந்து பிரதேச சபை வரை, நம் கட்சிகள் எல்லாவற்றுக்கும் பழகிய நடைமுறை. அந்த உடன்பாட்டைக் காப்பாற்றுவது ஒரு கடிதம்தான். பட்டியலில் பெண்கள் அதிகம் என்பதால் சுழற்சியின் சுமையும் பெண்கள் தலையில் அதிகம். முதல் வருடம் சபை நடைமுறையைப் பழகி, இரண்டாம் வருடம் வாய் திறக்கும் நேரத்தில் எழும்பிப் போகச் சொன்னால், அடுத்து வருபவளும் முதல் வருடப் பிள்ளையாகவே இருப்பாள். எழும்ப மறுத்தால் கட்சி அங்கத்துவம் பறிக்கப்படும். கட்சி அங்கத்துவம் போனால், சட்டப்படி சபை ஆசனமும் போகும். நீதிமன்றம் போய் வழக்காடலாம், அதற்குப் பணம் வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

ஆண் உறுப்பினருக்கும் இதே சட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை. ஆனால் வட்டாரத்தை வென்றவனுக்குப் பின்னால் வாக்கு நிற்கிறது, அவனை நீக்கினால் அந்த வட்டாரத்தைக் கட்சி இழக்கக்கூடும். பட்டியல் பெண்ணுக்குப் பின்னால் செயலாளரின் கையெழுத்து மட்டும் நிற்கிறது. அதனால் மிரட்டல் அவளிடம் மட்டும் பலிக்கிறது. பெண்களுக்கான கோட்டா வேண்டாம் என்பதற்கு இது வாதம் ஆகாது. கோட்டாவைப் பாதி மனதோடு எழுதியவர்கள் வைத்த ஓட்டை இது, அடைக்கலாம்.

தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். தேர்தல் வன்முறை கண்காணிப்பு நிலையம், பெப்ரல் ஆகியவை இல்லையென்றால் 1999 ஐப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. ஆனால் அவர்களது கணக்கு வேட்புமனுவோடு தொடங்கி, முடிவு வெளியாகிச் சில நாட்களில் மூடப்படுகிறது. கொலை, தாக்குதல், மிரட்டல், சொத்துச் சேதம் என்று பத்திகள். பெண்ணுக்கு நேர்வதில் பெரும்பங்கு வேட்புமனுவுக்கு முன் நடக்கிறது, கட்சிக்குள் பெயர் கேட்கப் போகும் கட்டத்தில். அல்லது தேர்தலுக்குப் பின் வரும் நாலு வருடத்தில். பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தில், வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய் பரப்புவது ஊழல் நடவடிக்கை என்று ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. அது பயன்படுவது தேர்தல் மனுவில், வென்றவரை நீக்கக் கேட்கும்போது. தோற்றுப் போய் வீட்டுக்குள் முடங்கிய பெண் அந்தப் பிரிவை வைத்து என்ன செய்வாள்?

உலகப் பாராளுமன்றங்களின் ஒன்றியம் 2016 இல் 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உளரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். கொலை அல்லது வல்லுறவு, கடத்தல், அடி என்று மிரட்டப்பட்டவர்கள் பத்தில் நாலு பேருக்கு மேல். இதில் பணக்கார நாடு ஏழை நாடு என்ற வித்தியாசம் பெரிதில்லை. நமக்கு அண்மையில் மதுரை வில்லாபுரத்தில், மாநகராட்சி உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். குடிநீருக்காகவும் உள்ளூர்ச் சண்டியருக்கு எதிராகவும் நின்றதே அவர் செய்த குற்றம். இட ஒதுக்கீட்டால் பெண்கள் பெருவாரியாக உள்ளாட்சிக்கு வந்த முதல் தேர்தலின் சூடு ஆறுமுன்பே நடந்த கொலை அது.

பொலிவியாவில் நடந்ததை இலங்கையின் சட்டவரைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். அங்கும் கோட்டா வந்தது, பெண்கள் நகர சபைகளுக்கு வந்தார்கள், வந்தவர்கள் இராஜினாமா செய்யும்படி நெருக்கப்பட்டார்கள். பெண் உறுப்பினர்களின் சங்கம் பத்து வருடத்துக்கு மேலாக முறைப்பாடுகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தது. அங்கொராய்மெஸ் என்ற ஊரின் சபை உறுப்பினர் ஹுவானா கிஸ்பே, தன் ஆசனத்தில் அமரவிடாமல் தடுக்கப்பட்டு, வழக்குப் போட்டு உரிமையை நிலைநாட்டியவர். 2012 மார்ச்சில் கொலையுண்டு கிடந்தார். இரண்டு மாதம் கழித்துச் சட்டம் 243 நிறைவேறியது. பெண் அரசியல்வாதிகளுக்கு எதிரான தொந்தரவும் வன்முறையும் அதில் தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டன. அந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது தண்டனைப் பிரிவு அல்ல. தெரிவான பெண் இராஜினாமா செய்வதென்றால் தானே நேரில் போய்த் தேர்தல் அமைப்பின் முன் அதைக் கொடுக்க வேண்டும் என்கிற சின்ன விதி. செயலாளரின் லாச்சிக்குள் இருக்கும் கடிதம் அத்தோடு வெறும் தாளாகிவிடுகிறது. சட்டம் வந்த பிறகும் அங்கே வன்முறை ஓயவில்லை, தண்டனை பெற்றவர்களும் குறைவு. ஆனாலும் எதற்குப் பெயர் வன்முறை என்று ஒரு நாடு எழுதி வைத்தது.

2024 இல் நமது பாராளுமன்றத்தில் பெண்களின் பங்கு முதல் தடவையாகப் பத்து வீதத்தை நெருங்கியது. கலாநிதி ஹரினி அமரசூரிய பிரதமரானார், எந்தக் குடும்பத்தின் பெயரும் இல்லாமல். கண்டி மாவட்டத்திலிருந்து தேசிய மக்கள் சக்தியின் துஷாரி ஜயசிங்கவும் ஐக்கிய மக்கள் சக்தியின் சமிந்திராணி கிரியெல்லவும் போனார்கள். ஒருவர் இயக்கத்தின் வழி, மற்றவர் முன்னாள் அமைச்சரின் மகள். பழைய வழியும் புதிய வழியும் ஒரே மாவட்டத்தில் இன்று பக்கம் பக்கமாக இருக்கின்றன. பாராளுமன்றத்துக்குக் கோட்டா இன்னும் இல்லை. அடுத்த அலை வேறு பக்கம் அடித்தால் இந்தப் பத்து வீதம் பழையபடி ஐந்தாகலாம். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப் போடப்பட்டது, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 இல் சொன்னது, கடைசியில் 2025 மே 6 இல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களில் 2018 இல் வந்த பெண்கள் எந்தப் பதவியும் இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். பழகிய அனுபவத்தோடு மீண்டும் நிற்க வேண்டியவர்களில் எத்தனை பேரைக் கட்சிகள் மறந்து போயின என்பதை ஒவ்வோர் ஊரும் தன் அளவில் எண்ணிப் பார்க்கலாம்.

மாகாண சபைத் தேர்தல் சட்டத்தில், வேட்பாளர்களில் முப்பது வீதம் பெண்கள் என்ற விதி 2017 இலேயே எழுதப்பட்டுவிட்டது. எல்லை நிர்ணயச் சிக்கலால் அந்தத் தேர்தல் இன்றுவரை நடக்கவில்லை. அதை நடத்துவதற்காகச் சட்டம் மறுபடி பாராளுமன்றம் வரத்தான் வேண்டும். அப்போது, உள்ளூராட்சிச் சட்டத்தையும் சேர்த்து, மூன்று திருத்தங்கள் செய்யப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. பட்டியலில் பெயர்கள் வரிசைப்படி இருக்கட்டும், ஆணும் பெண்ணும் மாறி மாறி, தேர்தலுக்குப் பிறகு யாரும் கை வைக்க முடியாதபடி. இருபது வீத விதிவிலக்கு உள்ளூராட்சிச் சட்டத்திலிருந்து போகட்டும். இராஜினாமாக் கடிதம் செல்லுபடியாக வேண்டுமானால், அதில் ஒப்பமிட்டவர் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குத் தனியாக, நேரில் வந்து, தன் வாயால் சொல்லட்டும். உடுநுவரப் பெண் உறுப்பினருக்குக் கண்டிக் கச்சேரி தூரமில்லை. அவளோடு கட்சிக்காரர் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்பதையும் விதியில் எழுதிவிட வேண்டும்.